இறந்தோர் நாளும் மொழி வகுப்பும்



ஒரு மொழியைக் கற்பிக்கும்போது, அம்மொழி பேசுவோரின் வழக்கங்களையும் சேர்த்தே கற்பிக்கிறோம். அமெரிக்காவில் பல பள்ளிகளின் ஸ்பானிய மொழி வகுப்புகளில், மெக்சிகோ மக்களின் 'இறந்தோர் நாள்' அவ்வாறு பாடமாகிறது.

நவம்பர் 1, 2 ஆகிய நாட்களில் அம்மக்கள் வீட்டில் படையல் வைக்கிறார்கள். முதல் நாள் மறைந்த குழந்தைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. இறந்தவரின் படம், மெழுகுவர்த்தி, தண்ணீர், உப்பு, ரொட்டி, அவர் விரும்பி உண்ட பண்டம் எல்லாம் அதில் இருக்கும். செண்டுமல்லியின் நிறமும் மணமும் ஆவிகளுக்கு வழிகாட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. வீட்டில் படையல் போட்டுப் பழகிய நமக்கு இது விளங்காததன்று.

ஆனால், சீனியில் செய்த மண்டை ஓட்டைக் கண்டதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். இது பேய் விளையாட்டன்று, அன்புக்குரியவரை நினைக்கும் நாள் என்று ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்பானியம் பேசும் நாடுகள் எல்லாம் ஒன்றுபோல் கொண்டாடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குவாத்தமாலாவில் சில ஊர்களில் அந்நாளில் பெரிய பெரிய பட்டங்கள் விடுகிறார்கள்.

"இறந்த உறவினரின் படம் கொண்டு வாருங்கள்" என்று எல்லாரையும் கேட்கலாமா? சென்ற மாதம் தாயைப் பறிகொடுத்த பிள்ளையும் அங்கே உட்கார்ந்திருக்கலாம். விரும்பினால் கொண்டு வரட்டும், வற்புறுத்தக் கூடாது. மெக்சிகோவின் ஓவியர் பிரீடா காலோவின் படத்தை வகுப்பே வைக்கலாம். படையல் வைக்கச் சமயம் இடம்தராத பிள்ளை, படித்து எழுதினால் போதும்.

பிறர் துயரத்தை மதிக்கப் பழகுவதும் பாடந்தானே, நேயர்களே!