மேஸ்திரியின் நோட்டு



சிறுதொழில்ல நிர்வாகம்னு எனக்குத் தலைப்பு குடுத்திருக்காங்க. நிர்வாகம்னா கோட்டு போட்டவங்க சமாச்சாரம்னு நாம ஒதுக்கி வெச்சிருக்கோம். அது மணல்ல இருக்குதுங்க. லேத்துல இருக்குது. ஸ்டோர் ரூம்ல, பில் புக்குல இருக்குது.

இது மோட்டார் செஞ்ச ஊரு. 1937ல ஜி.டி. நாயுடு அய்யாவும் டி. பாலசுந்தரம் நாயுடு அய்யாவும் இந்தக் கோயமுத்தூர் மண்ணுல மின் மோட்டார் செஞ்சு காட்டுனாங்க. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துல! தட்டுங்க, நல்லாத் தட்டுங்க, அவங்களுக்கு எவ்வளவு தட்டுனாலும் தகும். தட்டி முடிச்சிட்டு இதுக்குப் பதில் சொல்லுங்க. அந்த ஊர்ல பட்டறை வெச்சிருக்கிற நாம, நேத்து எத்தனை காஸ்டிங் ரிஜெக்ட் ஆச்சு, ஏன் ஆச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கோமா? எழுதி வெச்சவங்க கை தூக்குங்க.

சரி. தூக்குன கைகளுக்கு என் வணக்கம். மத்தவங்களுக்கு ஒருத்தரைப் பத்திச் சொல்றேன்.

பேரு சொல்ல மாட்டேன். சொல்லக்கூடாதுன்னு அவரே கேட்டுக்கிட்டார். பீளமேட்டுப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில மேஸ்திரி. எட்டாவது தாண்டலை. பம்ப் கேசிங் ஊத்துற எடம். வெளிய பார்த்தா காஸ்டிங்ல ஒரு குத்தம் சொல்ல முடியாது. லேத்துல ஏத்தி மேல்தோலை ஒரு கட்டு எடுத்தா, உள்ள ப்ளோ ஹோல். இங்க இருக்கிறவங்களுக்கு அந்த வயித்தெரிச்சல் தெரியும். இரும்பை மறுபடி உருக்கிக்கலாம். உருக்குன கரண்ட் திரும்ப வருமா? பாக்ஸ் கட்டுன கூலி, கோர் செஞ்ச அம்மணியோட கூலி, லேத்து ஓடுன நேரம், தேஞ்ச டூல், அத்தனையும் போச்சு.

முதலாளி என்ன சொன்னார்? பிக் அயர்ன் சரியில்லைன்னார். ஆளுங்க சரியில்லைன்னார். ஃபர்னஸை மாத்தணும், லோனுக்கு எழுதிப் போடலாம்னார். இந்த மேஸ்திரி, மகனோட ஸ்கூல் நோட்டு ஒன்னை எடுத்துக்கிட்டார். தேதி, ஷிப்ட், மணல் கலக்குனது யாரு, எத்தனை வாளி தண்ணி, எந்த பாக்ஸ், எது ரிஜெக்ட். தினமும் எழுதுனார். ஊத்து முடிஞ்சு, எல்லாரும் டீக்குப் போன பொறவு, நின்னு எழுதுனார். கூட வேலை செஞ்சவங்க, ‘மேஸ்திரிக்குக் கணக்குப்பிள்ளை ஆகற ஆசை’ன்னு கிண்டல் பண்ணுனாங்க. சில மாசம் கழிச்சு நோட்டைக் கொண்டுபோய் முதலாளி மேஜையில வெச்சு, திங்கட்கிழமையைப் பாருங்கன்னார்.

ரிஜெக்ட் ஆனதுல பெரும்பங்கு திங்கட்கிழமை முதல் ஷிப்ட்டுல ஊத்துனது!

ஏன்னு உங்களுக்கே இப்பப் பிடிபட்டிருக்கும். ஞாயித்துக்கிழமை லீவு. சனிக்கிழமை விட்டுட்டுப் போன மணல் காஞ்சு கெடக்கும். திங்கட்கிழமை காலைல வர்ற பையன் கண் மதிப்புல தண்ணி ஊத்துவான். பச்சை மணல்ல ஈரம் நூத்துக்கு மூனு, நாலுன்னு ஒரு அளவுல நிக்கணும். அது ஏறிப்போனா, உருக்குன இரும்பு உள்ள எறங்குனதும் தண்ணி ஆவியாகும். வெளியேற வழி கெடைக்காம காஸ்டிங்குக்குள்ளயே கொப்புளமா நின்னுரும். அவ்வளவுதானுங்க நோய். மருந்து என்ன? மணலையும் கார்பைடு பவுடரையும் போட்டு மூடிக் குலுக்குனா, எழும்புற கேஸை வெச்சு ஈரம் எவ்வளவுன்னு டயல்ல முள் காட்டும். அப்படி ஒரு சின்னக் கருவி. அதை வாங்குனாங்க. திங்கட்கிழமை முதல் பாக்ஸ் கட்டறதுக்கு முன்னாடி அதுல பார்க்கணும்னு ஒரு ஏற்பாடு. ஃபர்னஸ் மாத்தலை. ஆளை மாத்தலை. லோன் பேப்பர் பேங்குக்கே போகலை.

ஒரு மேஸ்திரி கதையை வெச்சு ஊருக்கெல்லாம் சட்டம் போடறியான்னு கேக்கறவங்களுக்குப் பம்பாய்ப் பக்கம் நடந்ததைச் சொல்றேன். தாராப்பூர், உம்பர்காவ்னு ரெண்டு ஊரு. துணி நெய்யுற ஃபேக்டரிகள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து நிக்கோலஸ் புளூம், உலக வங்கியில இருக்கிற டேவிட் மெக்கென்சி, இன்னும் சில அறிஞர்கள் அங்க ஒரு சோதனை பண்ணுனாங்க. 2013ல அச்சாச்சு. ஃபேக்டரிகளை ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பக்கத்துக்கு, ஒரு மாசம் பார்த்து என்ன குறைன்னு சொன்னதோட சரி. இன்னொரு பக்கத்துக்கு, அதுக்கு மேல நாலு மாசம் கூடவே நின்னு பழக்கிக் குடுத்தாங்க. மொத்தம் 38 பழக்கம். தறி எப்ப நின்னுச்சு, எதுக்கு நின்னுச்சுன்னு எழுதறது. நூலை லேபிள் ஒட்டி ரேக்குல அடுக்கறது. துணியில குறை வந்தா எந்தத் தறின்னு குறிக்கறது. காலைல உட்கார்ந்து அந்தக் கணக்கைப் பேசறது. இதுல ராக்கெட் விடற வேலை ஏதாச்சும் இருக்குதுங்களா? முதல் வருஷமே உற்பத்தித்திறன் 17 சதவீதம் ஏறுச்சு! அதுக்கு முன்னாடி அந்த ஃபேக்டரிகள்ல அஞ்சுல ஒரு பங்கு ஆளு, நெய்த துணியில குறை தேடித் தேடிக் கையால சரி பண்ணிக்கிட்டு இருந்தாங்களாம்.

இத்தனை வருஷம் ஏன் செய்யலைன்னு விசாரிச்சிருக்காங்க. பக்கத்து ஃபேக்டரியைவிட நம்ம துணி மோசமில்லை, அப்புறம் எதுக்குன்னு இருந்துட்டாங்க. நம்ம ஊர்லயும் அந்தக் கதைதான். பக்கத்து ஷெட்டைப் பார்த்து நிம்மதி ஆயிடறோம்.

குறை நம்ம நிர்வாகத்துலதான்னு சொல்றது சில பேருக்குப் பிடிக்காது. ஏசி ஹால்ல பேசறாங்களே, பேரு வேண்டாம், நீங்க சிரிக்கறதுலயே தெரியுது யாருன்னு. அவங்களுக்கு எப்பவும் ஒரே பேச்சு. ‘இங்கத்துப் பசங்க வேலைக்கு வர்றதில்லை, வடக்கேயிருந்து வர்றவன் நிக்கறதில்லை, அதனால தொழில் படுத்துருச்சு.’ நான் கேக்கறேன், அய்யா, மே மாச மத்தியானம், ஊத்து நடக்கற நேரத்துல, ஒரு ஃபவுண்டரிக்குள்ள அரை மணி நேரம் நின்னிருக்கீங்களா? பீகார்லயிருந்தும் ஒடிசாவுலயிருந்தும் ரெண்டு நாள் ரயில்ல வந்து, அந்த வெக்கையில லேடில் தூக்கற பையனைச் சோம்பேறின்னு சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வருது? அவன் படிக்கிற எழுத்துல மெஷின் மேல ஒரு போர்டு எழுதி வெச்சீங்களா? எத்தனை வாளி தண்ணின்னு படம் போட்டாவது காட்டுனீங்களா? ராத்திரி படுக்கக் காத்தோட்டமா ஒரு ரூம் குடுத்தீங்களா? இது மூனும் செஞ்ச பட்டறைங்க நம்ம ஊர்லயே இருக்குது. அங்க தீபாவளிக்கு ஊருக்குப் போன பையன், தம்பியையும் கூட்டிக்கிட்டுத் திரும்ப வர்றான். தொழிலாளியைப் பழிச்சுப் பேசறவங்களுக்கு இந்த ஊர்ல மேடை குடுக்கறதை நாம நிறுத்தணும். நான் வெளிப்படையாவே சொல்றேன், நிறுத்தணும்!

எங்க விட்டேன்? மேஸ்திரிகிட்ட விட்டேன்.

அவர் ஒரு நாள் ஊத்தை நிறுத்திட்டாருங்க. முள் ஏறிக் காட்டுது, இந்த மணல்ல ஊத்த முடியாதுன்னுட்டார். உருக்குன இரும்பு ஃபர்னஸ்ல நிக்குது, கரண்ட் மீட்டர் ஓடுது. முதலாளி எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டார். இவர் நகரலை. மணலைச் சரி பண்ணித்தான் ஊத்துனாங்க. அந்த முதலாளியையும் நான் மதிக்கறேன். மறுநாள் காலைல அத்தனை பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, மேஸ்திரி நிறுத்துனா நிறுத்துனதுதான், எனக்கு ஃபோன்கூடப் போட வேண்டியதில்லைன்னு சொன்னார்.

இந்த ஊரு மில்லு ஊரு, அதனால இதையும் கேட்டுக்குங்க. 1924ல ஜப்பான்ல சாகிச்சி டொயோடா ஒரு தறி செஞ்சார். நூல் அறுந்தா அதுவா நின்னுரும். ஓடவிட்டுக் கெட்ட துணி நெய்யறதைவிட நிக்கறது மேலுன்னு மெஷினுக்கே சொல்லிக் குடுத்தார் அந்த மனுஷன். 1929ல இங்கிலாந்து பிளாட் பிரதர்ஸ், பழைய மில்காரங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பேரு, அதோட உரிமையை ஒரு லட்சம் பவுனுக்கு வாங்குனாங்க. அதுக்குப் பொறவு அவர் மகன் கார் செய்யற முயற்சியில எறங்குனார். பின்னாடி அந்த டொயோட்டா ஃபேக்டரியில, குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் கயிறை இழுத்து லைனை நிறுத்தலாம்னு ஆக்குனாங்க. ஜப்பான்காரன் பெரிசு, நாம சிறுசுன்னு பேசாதீங்க. அமெரிக்க அறிஞர் டெமிங் போய் அவங்களுக்குத் தரம் பத்திப் பாடம் எடுத்தது 1950ல, போர்ல எல்லாம் நாசமாகிக் கெடந்த நாட்டுல. அவர் பேர்ல பரிசு வெச்சது 1951ல. அதே பரிசை 1998ல நம்ம சென்னை பாடி சுந்தரம் கிளேட்டன் வாங்கிக்கிட்டு வந்துச்சு! 2002ல டிவிஎஸ் மோட்டார். அங்க வேலை செஞ்சதும் நம்ம ஊர்ப் பசங்கதானுங்க.

பம்பாய்ப் பக்கத்துத் துணி ஃபேக்டரி ஆராய்ச்சியில இன்னொன்னும் சொல்றாங்க. ஒரு கம்பெனி எவ்வளவு பெரிசாகுதுங்கறது, குடும்பத்துல எத்தனை ஆம்பளை இருக்காங்கங்கறதைப் பொறுத்திருந்துச்சாம். வெளியாளை நம்பி ஒரு யூனிட்டை விட மனசு வரலை. மகன் ரெண்டுன்னா ஃபேக்டரி ரெண்டு. இதைப் படிச்சப்ப எனக்கு நம்ம ஊர்ச் சாவிக்கொத்துதான் ஞாபகம் வந்துச்சு. காட்டன் வேஸ்ட் எடுக்கணும்னாக்கூட முதலாளி வந்து ஸ்டோரைத் திறக்கணும். அவர் கல்யாணத்துக்குப் போனா ரெண்டு லேத்து நிக்குது. வீட்டுல எம்.காம். படிச்ச மகள் இருக்குது, அந்தப் பொண்ணை ஏன் ஆபீஸ்ல உட்கார வைக்கலை? அக்காமாரு எல்லாம் தட்டறீங்க, பக்கத்துல இருக்கிற அண்ணனுங்களும் தட்டுங்க! இருபது வருஷம் கூடவே இருந்த மேஸ்திரிகிட்ட ஒரு சாவி குடுக்க ஏன் கை நடுங்குது? அந்தத் துணி ஃபேக்டரிகளுக்கு எட்டு ஒன்பது வருஷம் கழிச்சுத் திரும்பப் போய்ப் பார்த்தப்ப, புதுசாப் பழகுனதுல கிட்டத்தட்டப் பாதி நின்னுபோயிருந்துச்சாம். மேனேஜர் மாறிட்டார், முதலாளிக்கு நேரமில்லை. ஒருத்தர் தலையில மட்டும் இருக்கிற பழக்கம் அவரோடயே கேட்டைத் தாண்டிப் போயிரும்.

இப்ப என் மனசுல இருக்கிற கோபத்தைச் சொல்லியே ஆகணும். நம்ம சரக்கை வாங்கற பெரிய கம்பெனிக்காரங்க நமக்கு ஆடிட் வர்றாங்க. தரையில மஞ்சக் கோடு போடச் சொன்னாங்க, போட்டோம். டூலுக்குப் பலகை அடிச்சு அடுக்கச் சொன்னாங்க, அடுக்குனோம். வருஷா வருஷம் வெலையைக் கொறைக்கச் சொன்னாங்க, அதையும் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கொறைச்சோம். பில்லுக்குப் பணம்? நாலு மாசம், ஆறு மாசம்! சனிக்கிழமை சாயங்காலம் கூலி குடுக்க, வீட்டுக்காரம்மா வளையலை வெச்சுப் பணம் பொரட்டறான் நம்ம ஆளு. அவங்களுக்கு இருக்கிறதும் நிர்வாகம், நமக்கு மட்டும்தான் பாடமா?

சட்டம் இருக்குதுங்க. 2006லேயே வந்த சட்டம். குறு, சிறு தொழில்காரன் குடுத்த சரக்குக்கு, எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள். தாண்டுனா, ரிசர்வ் வங்கி அறிவிக்கிற பேங்க் ரேட்டைப்போல மூனு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. இந்த மாதிரி வழக்கைக் கேக்கறதுக்குன்னு இருக்கிற கவுன்சிலோட தீர்ப்பை எதிர்த்து அவங்க கோர்ட்டுக்குப் போகணும்னா 75 சதவீதத்தைக் கட்டிட்டுத்தான் போக முடியும். 2024ல இருந்து வருமான வரியிலயும் பிடி போட்டாச்சு. கெடு தாண்டி வெச்சிருந்தா, பணம் குடுத்த வருஷத்துலதான் செலவாக் காட்ட முடியும்.

இவ்வளவு இருந்தும் நாம ஏன் தோக்கறோம்? கவுன்சில்ல முதல்ல கேக்கறது டெலிவரி சலானுங்க. சரக்கு எறக்குன அன்னைக்குக் கேட்டுல சீல், கையெழுத்து, தேதி வாங்குனியான்னு கேப்பாங்க. 15 நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபணை சொல்லலைன்னா, சரக்கை அவங்க ஏத்துக்கிட்டதாச் சட்டமே எடுத்துக்கும். எறக்குன தேதியை வெச்சுத்தான் கெடுவே ஓடுது. நம்ம டிரைவர் தேதி போடாம வாங்கிக்கிட்டு வந்துடறார். பில்லு பத்து நாள் கழிச்சுப் போகுது. அந்த மேஸ்திரி மணலுக்கு வெச்ச நோட்டை, நம்ம ஆபீஸ் பில்லுக்கு வெக்கலைங்க. சலான் நம்பர், கேட்டுல எறங்குன தேதி, பில் போன தேதி, 45 நாள் முடியற தேதி. நாலே கட்டம். அந்த நோட்டு நம்ம கையில இருந்திருந்தா ஒரு பயலும் ஏமாத்தியிருக்க முடியாது.

சிறுதொழில்காரங்களுக்கான உத்யம் பதிவு இல்லாதவங்க நாளைக்கே பதிவு பண்ணுங்க, காசு கெடையாது, யாருக்கும் கமிஷன் குடுக்காதீங்க. ‘பதிவை ரத்து பண்ணிரு, ஆர்டர் தர்றேன்’னு எந்த கம்பெனியாச்சும் கேட்டா, நீங்க தனியா நிக்க வேண்டாம், சங்கத்துக்கு வாங்க. 45 நாள் தாண்டுன பில்லு வெச்சிருக்கிறவங்க, வெளிய வாசல்கிட்ட மேஜை போட்டு நம்ம பசங்க உட்கார்ந்திருக்காங்க. பர்ச்சேஸ் ஆர்டர், சலான், பில்லு மூனுக்கும் நகல் குடுங்க. ஆன்லைன்ல மனு ஏத்தறதுக்கு அவங்க கூட இருந்து உதவி பண்ணுவாங்க, நம்ம கோயமுத்தூர்லயே கவுன்சில் இருக்குது. சலான்ல தேதி இல்லாதவங்களும் போங்க, லாரி வாடகை ரசீதோ கேட் பாஸோ கெடைக்குதான்னு பார்க்கலாம். சாப்பாடு ஒன்பது மணி வரைக்கும் இருக்குதாம், முதல்ல மேஜைக்குப் போங்க.