கண்ணாடியின் ஊடே: நான்கு பெண் ஓவியர்களின் கூட்டுக் கண்காட்சி

(சர்வதேச மகளிர் தினக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1981ஆம் ஆண்டில் பம்பாயிலும் தில்லியிலும் 'பிளேஸ் ஃபார் பீப்பிள்' என்னும் ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. ஜோகன் சௌத்ரி, பூபேன் கக்கர், குலாம்முகமது ஷேக், விவான் சுந்தரம், சுதீர் பட்வர்தன், நளினி மலானி ஆகிய அறுவர் அதில் பங்கேற்றனர். மனித உருவத்தையும் அன்றாட வாழ்வையும் ஓவியத்தின் மையத்தில் நிறுத்திய முற்போக்கான முயற்சி அது. ஆயினும் அறுவரில் பெண் ஒருவரே. மக்களுக்கு இடம் கோரிய அவையிலும், மக்களில் பாதியினருக்குக் கிட்டிய இடம் ஆறில் ஒன்றுதான்.

அதே 1981இல்தான் சென்னையில் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் உதயமாயிற்று. மதுரா வழக்கில் காவலர்களை விடுவித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக நாடெங்கும் கிளர்ச்சி எழுந்த காலம் அது. 'அடுப்பு வெடித்து இறந்தாள்' என்று காவல் நிலையங்களில் எழுதி மூடப்பட்ட மரணங்களை, வரதட்சணைக் கொலைகள் என்று பெயர் சொல்லி மாதர் இயக்கம் வீதிக்குக் கொண்டுவந்தது. கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கும் 498அ பிரிவு, 1983இல் அந்தப் போராட்டத்தின் விளைவாகவே பிறந்தது.

கலையுலகமும் இந்தக் காற்றுக்கு வெளியே இல்லை. நளினி மலானி 1979இல் நியூயார்க் சென்றபோது, பெண் கலைஞர்கள் கூட்டுறவு முறையில் நடத்திவந்த ஏ.ஐ.ஆர். கலைக்கூடத்தைக் கண்டார். இந்தியப் பெண் கலைஞர்கள் பலரைத் திரட்டி ஒரு பெருங்கண்காட்சி நடத்த வேண்டும் என்ற எண்ணம் அங்கே வித்தாயிற்று. அதற்குப் பொருளுதவி கிட்டவில்லை. இறுதியில் நளினி மலானி, மாதவி பாரேக், நீலிமா ஷேக், அர்பிதா சிங் ஆகிய நால்வர் இணைந்தனர். 'கண்ணாடியின் ஊடே' என்று பொருள்படும் 'த்ரூ த லுக்கிங் கிளாஸ்' என்ற அவர்களது கண்காட்சி, 1987 முதல் 1989 வரை, வணிக நோக்கமற்ற ஐந்து இடங்களில் நடைபெற்றது.

நால்வரும் வைத்தவை தாளில் தீட்டிய நீர்வண்ண ஓவியங்கள். பெரிய துணியில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியத்தையே கலையின் உச்சமாகக் கருதிய சூழலில், தாளும் நீர்வண்ணமும் சிறியவையாகவே மதிக்கப்பட்டன. ஆனால் வீட்டு மேசையில் விரித்து, சமையலுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் இடையே கிடைத்த நேரத்தில் வரையத்தக்கது தாள்தான். சுருட்டி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்லத்தக்கதும் அதுவே. தனிப் பணிக்கூடமும் இடையூறற்ற பகற்பொழுதும் யாருக்கு வாய்க்கும் என்ற கேள்வி, உழைப்புப் பிரிவினை பற்றிய கேள்வியே ஆகும்.

நால்வரின் வழிகளும் வெவ்வேறு. மாதவி பாரேக் குஜராத்தின் சஞ்சயா கிராமத்தில் பிறந்தவர். கலைக்கல்லூரியின் வாசலை மிதிக்காதவர். வாசற்கோலமும் கிராமத்து நினைவுகளும் அவருக்கு ஆசான்கள். அர்பிதா சிங் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர். பூக்களும் துப்பாக்கிகளும் விமானங்களும் சூழ்ந்த நடுவயதுப் பெண்களை அவர் தீட்டினார். அழகுப் பொருளாக நிற்கும் இளம்பெண் அங்கே இல்லை. கராச்சியில் பிறந்து, பிரிவினையால் அகதியான குடும்பத்திலிருந்து வந்தவர் நளினி மலானி. பம்பாயின் நெரிசலான லோஹார் சால் கடைவீதியில் அவரது பணிக்கூடம் இருந்தது. அத்தெருவின் உழைப்பாளிகள் அவரது ஓவியங்களுக்குள் குடியேறினர்.

நீலிமா ஷேக் 1984இல் படைத்த 'சம்பா வளர்ந்தபோது' என்னும் வரிசையைத் தனியே குறிப்பிட வேண்டும். அவர் அறிந்த ஓர் இளம்பெண்ணின் கதை அது. பன்னிரண்டு சிறு தாள்களில், விளையாடித் திரியும் சிறுமியாக அவள் தொடங்குகிறாள், மணமாகிறாள், புகுந்த வீட்டின் வேலையில் ஒடுங்குகிறாள், இறுதியில் எரிக்கப்படுகிறாள். அரசவைகளுக்கும் காவியங்களுக்கும் பயன்பட்ட நுண்ணோவிய மரபு, இங்கே ஒரு சாமானியப் பெண்ணின் கொலைக்குச் சாட்சியாகிறது. துண்டறிக்கையும் ஊர்வலமும் வீதியில் சொன்னதை, இவ்வோவியங்கள் பார்ப்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் தாழ்ந்த குரலில் சொல்லின. இரண்டில் எது உயர்ந்தது என்ற வழக்கு வீண். இரண்டும் ஒரே போராட்டத்தின் இரு மொழிகள்.

இக்கண்காட்சியின் எல்லையையும் மறைக்க வேண்டியதில்லை. நால்வரும் நகரத்தில் வாழ்ந்த, நடுத்தர வர்க்கக் கலைஞர்கள். உழைக்கும் பெண்ணும் தலித் பெண்ணும் ஓவியத்தில் இடம்பெறுவது வேறு, தூரிகையைத் தாமே ஏந்துவது வேறு. சந்தையின் வலிமையையும் கருத வேண்டும். வணிகம் சாராத அரங்குகளில் தொடங்கிய இந்நால்வரில் அர்பிதா சிங்கின் ஓர் ஓவியம், 2010ஆம் ஆண்டு ஏலத்தில் 9.6 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. அது கலைஞரின் குற்றமன்று. எதிர்க்குரலையும் விலைப்பொருளாக்க மூலதனம் அறியும் என்பதற்கு அது சான்று.

மாற்றம் நிகழாமலும் இல்லை. 1987இல் இந்தியத் தீவிர ஓவியர் சிற்பிகள் சங்கத்தின் ஆண்களிடையே ஒரே பெண்ணாக நின்றவர் அனிதா துபே. கொச்சி முசிரிஸ் பினாலேயின் முதல் பெண் பொறுப்பாளராக 2018இல் அமர்ந்தவரும் அவரே.

இயக்கத்தின் கலை மரபு பெருமைக்குரியது. 1943 வங்கப் பஞ்சத்தைத் தீட்டிய சித்தபிரசாத்தும், தேபாகா விவசாயிகளை வரைந்த சோம்நாத் ஹோரும் அதன் செல்வங்கள். ஆனால் அப்பட்டியலிலும் பெண் பெயர்களைத் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது. குழுவில் ஒரு பெண் இருந்தால் கடமை முடிந்தது என்னும் மனநிறைவு, ஓவியர்களின் அவைக்கு மட்டும் உரியதன்று. கிளைக் கூட்டத்திலும் மேடையிலும் அதைக் காணலாம். மாதர் தின மேடையில் வரவேற்புரையும் நன்றியுரையும் பெண் தோழர்களுக்கு, சிறப்புரை ஆண் தோழருக்கு என்ற நிரல் இன்னும் மறைந்துவிடவில்லை.

நால்வரும் யாருடைய அழைப்புக்கும் காத்திருக்கவில்லை. கையில் இருந்த தாளைக் கொண்டு தங்கள் அரங்கைத் தாங்களே அமைத்தனர். அந்தத் துணிவைப் பாராட்டுவது எளிது. அழைப்புக்குக் காத்திருக்க வேண்டிய நிலையே எழாத அமைப்பைக் கட்டுவதுதான் தோழர்களின் கடமை.