காட்டில் ஒளித்த பெட்டி
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இலண்டன் மாநகரிற் படித்துக்கொண்டிருக்கும் நான் விடுமுறைக்கு வந்த இடத்தில், "அங்கே கண்டதைப் பற்றி ஏதாவது பேசும்" என்று காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். அரண்மனையைப் பற்றியும் பாராளுமன்றத்தைப் பற்றியும் என்னிலும் நன்கு அறிந்தோர் இச்சபையில் இருக்கிறார்கள். ஆகவே ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசத் துணிந்தேன். அதிலே நான் செய்ய நினைத்த ஒரு பிழையும் அடங்கும்.

அவ்விளையாட்டின் பெயர் ஜியோகாஷிங். ஒருவர் சிறு பெட்டி ஒன்றை மரப்பொந்திலோ கல்லிடுக்கிலோ ஒளித்துவிட்டு, அவ்விடத்தின் அகலாங்கு நெட்டாங்குகளை இணையத்தில் அறிவிப்பார். மற்றவர்கள் கைத்தொலைபேசியின் துணைகொண்டு அதைத் தேடிச் செல்வார்கள். கண்டெடுத்தவர் பெட்டியிலுள்ள கொப்பியில் தம் பெயரையும் திகதியையும் எழுதவேண்டும். உள்ளேயிருக்கும் சிறு சாமான் ஒன்றை எடுத்தால், அதற்கு ஈடாக வேறொன்றை வைக்கவேண்டும். பின்பு இருந்தபடியே ஒளித்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான். பரிசுமில்லை, காவலுமில்லை.

இவ்விளையாட்டு வானத்தை நம்பியது. ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றிவரும் செய்மதிகளுள் நான்கேனும் நமது கருவிக்குச் சமிக்ஞை தந்தால், நாம் நிற்குமிடத்தை அது கணித்துவிடும். முன்பெல்லாம் அமெரிக்க அரசாங்கம் பொதுமக்களுக்குக் கிடைக்கும் சமிக்ஞையை வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அக்குழப்பம் நீக்கப்பட்டது. அம்மாதம் 3ஆந் திகதியே டேவ் அல்மர் என்பவர் ஒறிகன் மாநிலத்துக் காட்டோரத்தில் வாளியொன்றை ஒளித்துவைத்து, இடத்தை அறிவித்தார். சில நாட்களுள் அதைக் கண்டெடுத்தும் விட்டார்கள். இன்றோ உலகெங்கும் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன.

சென்ற ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் நால்வர் பாணும் பாற்கட்டியும் கட்டிக்கொண்டு, சுரங்கப் புகையிரதத்தில் லோட்டன் என்னும் ஊரில் இறங்கினோம். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் எப்பிங் வனம். ஏறக்குறைய 6,000 ஏக்கர். ஒருகாலத்தில் நிலக்காரர் வேலியடைத்துக் கொள்ளப் பார்த்த காடு அது. ஊராரும் இலண்டன் நகர சபையாரும் வழக்காடிப் போராடியதன் பயனாக, 1878ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொதுமக்களுக்கென்று காக்கப்பட்டது. 1882இல் விக்டோரியா மகாராணி நேரில் வந்து அதை மக்களுக்கு அர்ப்பணித்தார்.

அக்காட்டு மரங்களின் தோற்றம் விசித்திரமானது. பழைய நாளில் ஊரார் விறகுக்காகக் கிளைகளை ஆளுயரத்துக்கு மேலே வெட்டுவார்கள். அப்படி வெட்டினால் புதுத்தளிரை மாடும் மானும் எட்டமாட்டா. அவ்வழக்கம் நின்றபின், வெட்டிய இடங்களிலிருந்து எழுந்த கிளைகள் பெருமரங்களாகவே வளர்ந்துவிட்டன. அடிமரம் குட்டையும் தடிப்புமாய், பல இடங்களிற் பொந்து விழுந்து நிற்கும். ஒளிப்பவருக்கு அது பேருதவி, தேடுபவருக்குப் பெருந்தொல்லை. அடர்ந்த கிளைகளின் கீழே கைத்தொலைபேசியும் தடுமாறும். "இதோ" என்று அது காட்டுமிடத்துக்கும் பெட்டி இருக்குமிடத்துக்கும் பத்துப் பதினைந்து அடி பிசகும். அதற்குமேல் நமது கண்ணே துணை.

முதற்பெட்டி கால்மணி நேரத்தில் அகப்பட்டது. இரண்டாவதற்கு ஒரு குறிப்பு இருந்தது. எழுத்துக்களைப் பதின்மூன்று இடம் தள்ளி எழுதிய குறிப்பு அது. அதை அவிழ்த்து, விழுந்த மரமொன்றின் வேரடியிற் கண்டெடுத்தோம். மிஷன் பள்ளிக்கூடத்தில் சாரணனாகத் திசையறிகருவி பிடித்த கை எனக்கு, பெருமை தலைக்கேறியது.

மூன்றாவது பெட்டிதான் எங்களைச் சோதித்தது. ஒன்றரை மணிநேரம் பொந்துபொந்தாகக் கைவிட்டுத் துழாவினோம். செந்நிறச் சருகு கணுக்கால் வரை கிடந்தது. சப்பாத்தெல்லாம் சேறு. பொழுதோ சாய்ந்துவிட்டது. அப்போது ஒருவன் சொன்னான்: "கண்டோம் என்று இணையத்தில் எழுதிவிடுவோம். இந்தக் காட்டுக்குள் வந்து யார் பார்க்கப் போகிறார்கள்?"

அப்படிச் சொன்னவன் வேறு யாருமல்லன், நானேதான்.

எங்களோடு வந்த வேல்ஸ் நாட்டுத் தோழன் சிரித்தான். "நாளைக்கு ஒருவன் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வருவான். உன் சொல்லை நம்பித்தான் வருவான்" என்றான். கோபமில்லாமல் சொன்ன அச்சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. கைத்தொலைபேசியை எடுத்து, "தேடினோம், கிடைக்கவில்லை" என்று எழுதினேன். அவ்விரண்டு சொற்களை எழுத அவ்வளவு கூச்சமிருக்கும் என்று நான் முன்பு அறிந்திலேன்.

நான்கு நாட்கள் கழித்து, அப்பெட்டியை ஒளித்தவரிடமிருந்து செய்தி வந்தது. எங்கள் குறிப்பைக் கண்டு நேரிற் போய்ப் பார்த்தாராம். பெட்டி இருந்த பொந்து கிளை முறிந்து சிதைந்துபோயிருந்ததாம், பெட்டியையும் காணவில்லையாம். புதிதொன்று வைத்துவிட்டதாகவும், உண்மையை எழுதியதற்கு நன்றி என்றும் தெரிவித்திருந்தார். நான் பொய் எழுதியிருந்தால், இல்லாத பெட்டியைத் தேடி இன்னும் எத்தனை பேர் அலைந்திருப்பார்கள்!

தோழர்களே, நாம் நமது ஆண்டறிக்கைகளில் "இனிது நிறைவேறியது" என்று எழுதிப் பழகியவர்கள். தொடங்கி நின்றுபோன இரவு வகுப்பும், வாங்க எண்ணி வாங்காத நூல்களும் எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. அடுத்த ஆண்டு வரும் இளைஞன் நமது அறிக்கையை நம்பி, எல்லாம் இருக்கிறதென்று எண்ணி வருவான். "முயன்றோம், முடியவில்லை" என்று ஒரு வரி எழுதிவைத்தால், குறை எங்கே என்று அறிந்து அதைச் செய்து முடிக்க ஒருவன் முன்வருவான். பெரியோர்கள் அவ்வரியைக் கண்டு எம்மைக் கடிந்துகொள்ளாது, திருத்திக் காட்டவேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் திரும்பிச் செல்கிறேன். அந்த மூன்றாவது பெட்டி இன்னும் என் பெயரில்லாமலே இருக்கிறது. முதல் ஞாயிறே போய்த் தேடுவதாக உத்தேசம். கிடைத்தால் அறிவிப்பேன்; கிடைக்காவிட்டாலும் அறிவிப்பேன்.