இரு சமாதானங்களின் நகரம்

தமிழ் வழங்கும் இல்லங்களிலேயே அந்நகரத்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. கிறிஸ்தவ இல்லங்களில் அது யெருசலேம். இஸ்லாமிய இல்லங்களில் அது பைத்துல் முகத்தஸ். பெயர் இரண்டாயினும் ஊர் ஒன்றே. யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஆகிய மூவர்க்கும் புனிதமான அவ்வூரின் மதில் சூழ்ந்த பழைய பகுதி ஒரு சதுரக் கிலோமீற்றருக்கும் சற்றுக் குறைந்த பரப்பினது. அதற்குள்ளே யூதர் நின்று தொழும் மேற்குச் சுவரும், கிறிஸ்தவரின் திருக்கல்லறைக் கோயிலும், முஸ்லிம்களின் பாறைக் குவிமாடமும் அல் அக்ஸா பள்ளிவாசலும் அருகருகே நிற்கின்றன. ஓரிடத்துக் கோயில் மணியோசை மற்றோரிடத்துத் தொழுகை அழைப்போடு காற்றிலே கலந்து விடுகின்றது.

இத்தகைய நகரொன்றின் வரலாற்றை எவ்வாறு சொல்வது? இங்கே ஒரு சாராரின் வெற்றியாண்டு மற்றொரு சாராரின் துக்க ஆண்டாகவே இருக்கின்றது. 1099ஆம் ஆண்டிலே சிலுவைப் போர் வீரர் அந்நகரைக் கைப்பற்றினர். அன்று நகரிலிருந்த முஸ்லிம்களும் யூதர்களும் பெருந்தொகையாய்க் கொன்று குவிக்கப்பட்டனர். 1187ஆம் ஆண்டிலே சலாவுத்தீன் அதை மீட்டபோது கிறிஸ்தவ ஐரோப்பா கலங்கியது. 1948ஆம் ஆண்டு ஒரு மக்கட் கூட்டத்துக்கு நாடு பிறந்த ஆண்டு. மற்றொரு மக்கட் கூட்டத்துக்கு வீடு பறிபோன ஆண்டு. ஆண்டு ஒன்றே, அதைச் சொல்லும் குரல் வேறு.

அக்குரல்களை எல்லாம் ஒரே வரிசையிலே நிறுத்திக் கேட்கச் செய்ய முயன்ற இசைத் தொகுப்பு ஒன்று 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் பெயர் ‘எருசலேம்: இரு சமாதானங்களின் நகரம்’. இரண்டு இசைத்தட்டுக்களும், பல மொழிகளில் எழுதப்பட்ட தடித்த நூலொன்றும் அதில் அடங்கும். தொகுத்தளித்தோர் ஜோர்டி சவால் என்னும் இசைக்கலைஞரும் அவருடைய துணைவியாராகிய பாடகி மொன்செராற் பிகேராஸும் ஆவர். இருவரும் ஸ்பானிய தேசத்தின் கத்தலோனியப் பகுதியைச் சேர்ந்தவர்கள். முழந்தாள்களுக்கிடையே நிறுத்தி வில்லினால் இசைக்கப்பெறும் வியோலா ட காம்பா என்னும் பழைய நரம்புக் கருவியை மறதியினின்றும் மீட்டெடுத்தவர்களுள் சவால் முதன்மையானவர். 1974ஆம் ஆண்டிலே சில நண்பர்களோடு இவ்விருவரும் தொடங்கிய குழுவே எஸ்பெரியோன் என்னும் பெயர் பெற்ற இசைக்குழு. பாரிஸ் மாநகரிலுள்ள இசை நிலையமொன்று மூன்று சமயங்களையும் பற்றிய நிகழ்ச்சியொன்றை அமைத்துத் தருமாறு வேண்டியபோது, மூன்றையும் தனித்தனியே காட்டாமல், மூன்றும் சந்திக்கும் ஒரு நகரையே பொருளாகக் கொள்வோம் என அவர்கள் துணிந்தனர்.

தலைப்பிலுள்ள ‘இரு சமாதானங்கள்’ என்னும் தொடர் நகரின் பெயரிலிருந்தே பிறந்தது. எபிரேய மொழியில் ‘யெருஷலாயிம்’ என வழங்கும் அப்பெயரில் சமாதானத்தைக் குறிக்கும் ஒலி உண்டு என்பது பழைய மரபு. அதன் ஈறு இருமையைக் குறிக்கும் ஈற்றைப் போன்று அமைந்திருப்பதால், விண்ணகச் சமாதானம் ஒன்று, மண்ணகச் சமாதானம் ஒன்று என இரண்டையும் அது சுட்டுகின்றது எனப் பொருள் விரித்தனர். முதலாவதைத் தீர்க்கதரிசிகள் வாக்களித்தனர். இரண்டாவதை ஆண்டோர் அனைவரும் தேடினர். எவரும் நெடுநாள் வைத்திருக்கவில்லை.

தொகுப்பு ஏழு பகுதிகளை உடையது. கேட்போர் செவியில் முதலில் விழுவது பாட்டன்று, ஊதுகொம்புகளின் முழக்கம். செம்மறிக் கடாவின் கொம்பினாற் செய்த ஷோபார் என்னும் அக்கருவி, நம்மவர் சங்கைப் போலச் சில சுரங்களையே தரவல்லது. ஆனால் அச்சில சுரங்களே உடலைச் சிலிர்க்கச் செய்கின்றன. எரிக்கோ நகரின் மதில்கள் எக்காள ஓசையினால் இடிந்து வீழ்ந்தன என்னும் விவிலியக் கதையை அம்முழக்கம் நினைவூட்டுகின்றது. அதனைத் தொடர்ந்து விண்ணகச் சமாதானத்தைப் பற்றிய பாடல்கள் யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய மரபுகளிலிருந்து வருகின்றன.

பின்பு தாவீது அரசன் தலைநகர் அமைத்த காலந்தொட்டு, கி. பி. 70ஆம் ஆண்டிலே உரோமர் இரண்டாம் ஆலயத்தை அழித்த காலம் வரை யூதரின் நகரம். கான்ஸ்தந்தீன் பேரரசனின் அன்னை எலேனா யாத்திரை வந்த நாலாம் நூற்றாண்டு முதலாகக் கிறிஸ்தவரின் நகரம். பின் யாத்திரிகரின் நகரம். அரபியரதும் உதுமானியரதும் நகரம். புகலிடமும் அகதி வாழ்வும் கண்ட நகரம். ஈற்றிலே மண்ணகச் சமாதானத்தை வேண்டும் நகரம் என்று ஏனைய பகுதிகள் அமைகின்றன.

இங்கே ஐயமொன்று எழுதல் இயல்பு. தாவீதின் காலத்து மெட்டு இன்று எவருக்குத் தெரியும்? உண்மையில் எவருக்கும் தெரியாது. சங்கீதங்களின் சொற்கள் ஏட்டில் நின்றன. அவை ஆலயத்திலே பாடப்பட்ட இசை ஆலயத்தோடு அழிந்தது. ஆயினும் நாடிழந்து சிதறிய யூதர் மொரோக்கோவிலும் ஸ்பெயினிலும் பபிலோனிலும் தத்தம் தொழுகைக் கூடங்களில் அச்சொற்களைப் பாடுவதை நிறுத்தவில்லை. பண்ணின் பெயர் ஏட்டிலிருந்தாலும் அதைப் பாடும் முறை ஓதுவார் குரல் வழியே வந்தது என்பதைத் தேவாரம் கேட்டு வளர்ந்தோர் நன்கறிவர். அவ்வாறே இத்தொகுப்பும் பெரிதும் வாய்வழி மரபையே நம்புகின்றது. ஏட்டிலில்லாததைக் கண்டெடுத்ததாகக் கூறிக்கொள்ளாமல், உயிரோடிருக்கும் பாடகரின் தொண்டையிலிருந்து எடுத்துக் கொள்கின்றது. ஆதலால் பாடுவோரும் இசைப்போரும் பல நாட்டவர். இஸ்ரேலியர், பாலஸ்தீனர், ஆர்மீனியர், கிரேக்கர், மொரோக்கர், ஆப்கானியர் எனப் பலர் ஒரே மேடையில் அமர்ந்திருக்கின்றனர்.

தொகுப்பின் நேர்மைக்குச் சான்று, சிலுவைப் போரை அது மறைத்து விடாமையே. 1095ஆம் ஆண்டிலே பாப்பரசர் இரண்டாம் ஏர்பன் விடுத்த போர் அழைப்பு அதில் இசையோடு ஒலிக்கின்றது. போருக்கு ஆள் திரட்டிய பாட்டும் உடன் வருகின்றது. இசை நன்மைக்கே உரியது என்று எளிதாகச் சொல்வோர் இப்பகுதியைப் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். உள்ளத்தை உருக்கும் மெட்டு படையையும் எழுப்ப வல்லது. அழைப்பு விடுத்து நாலாண்டுகளுள் அந்நகரின் தெருக்களில் நிகழ்ந்தது இன்னதென்று வரலாறு அறியும்.

அடுத்து வருவோர் யாத்திரிகர். ஸ்பெயினிலே பிறந்து வாழ்ந்த யூதப் புலவர் யெகூதா ஹலேவி, முதுமையிலே தம் ஊரையும் உறவையும் விட்டு அந்நகரை நோக்கிப் புறப்பட்டார், எகிப்தை அடைந்தார், 1141ஆம் ஆண்டளவில் மறைந்தார். இலங்கைக்கும் வந்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு சென்ற இபுனு பதூதா, 1326ஆம் ஆண்டிலே அந்நகரில் நின்று பாறைக் குவிமாடத்தின் அழகைக் கண்டு வியந்தவர். ஒருவர் எபிரேயத்தில் ஏங்கினார். மற்றவர் அரபியில் எழுதினார். ஏக்கத்திலே வேற்றுமை மிகுதியில்லை.

உதுமானியர் பகுதியிலே சுலைமான் சுல்தானின் கனவைப் பற்றிய கதை இடம் பெறுகின்றது. சிங்கங்கள் தம்மை விழுங்க வருவதாகக் கனவு கண்ட சுல்தான், நகருக்கு மதில் எழுப்புவதே அதற்குப் பரிகாரம் என உணர்ந்தாராம். கதை எவ்வாறாயினும், இன்று அந்நகரைச் சூழ்ந்து நிற்கும் மதில்கள் பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி அவர் எழுப்பியவையே.

தொகுப்பின் உயிர் ஆறாம் பகுதியில் இருக்கின்றது. அது புலம்பல்களின் பகுதி. ஸ்பெயினை விட்டு 1492ஆம் ஆண்டிலே துரத்தப்பட்ட யூதரின் வழித்தோன்றல்கள் தம் பழைய ஸ்பானிய மொழியிலே புனித பூமியை எண்ணிப் பாடிய பாட்டு வருகின்றது. பாலஸ்தீனரின் புலம்பல் வருகின்றது. வீடற்றவனின் துயரைச் சொல்லும் ஆர்மீனியரின் பாட்டும் வருகின்றது. பழைய நகரின் நாலு வட்டாரங்களுள் ஒன்று ஆர்மீனியருக்கு உரியது. 1915ஆம் ஆண்டின் பெருங்கொலைக்குத் தப்பி வந்தோர் பலர்க்கு அங்குள்ள மடம் நிழல் கொடுத்தது. அவர்களுடைய துதுக் என்னும் குழல் நமது நாதசுரத்தைப் போலச் சீவாளி கொண்டது; ஆனால் நாதசுரம் ஊருக்கெல்லாம் கேட்க முழங்கும், துதுக்கோ அருகிலிருந்து ஒருவர் தாழ்ந்த குரலில் அழுவது போன்றது.

அதே பகுதியிலே பழைய ஒலிப்பதிவொன்றும் சேர்க்கப்பட்டுள்ளது. ‘இரக்கம் நிறைந்த இறைவா’ எனப் பொருள்படும் எபிரேயப் பிரார்த்தனை அது. இறந்தோரின் ஆன்ம சாந்திக்காக ஓதப்படுவது. பாடியவர் ஷ்லோமோ காற்ஸ் என்னும் ருமேனிய யூதத் தொழுகைப் பாடகர். தொகுப்போடு வெளியான நூல் தரும் செய்தி இது: 1941ஆம் ஆண்டிலே மற்றும் பலரோடு கொலைக்களத்தில் நிறுத்தப்பட்ட அவர், இறக்குமுன் இப்பிரார்த்தனையைப் பாட அனுமதி வேண்டினார். பாட்டைக் கேட்ட படையதிகாரி அவரை மட்டும் உயிரோடு விட்டான். 1950ஆம் ஆண்டிலே அவர், அவுஷ்விற்ஸ் முகாமில் மாண்டோரை நினைந்து அப்பாட்டை மீண்டும் பாடிப் பதிவு செய்தார். அந்தப் பழைய குரலையே, புதிதாய் எவரையும் பாடச் செய்யாமல், தொகுப்பாளர் அப்படியே வைத்திருக்கின்றனர். ஒருவரைக் காத்த பாட்டு உடனின்ற மற்றவரைக் காக்கவில்லை என்பதைக் கேட்போர் மறத்தல் இயலாது.

இவ்வரிசையிலேதான் தொகுப்பின் கருத்து அடங்கியிருக்கின்றது. தன் இனத்தாரின் புலம்பலைக் கேட்க வந்த ஒருவன், அதற்கு முன்னும் பின்னும் மற்றவரின் புலம்பலைக் கேட்டே ஆக வேண்டும். எவர் துயர் பெரிது என்று தொகுப்பாளர் தீர்ப்புக் கூறவில்லை. எல்லாம் ஒன்றே என்று கூறி வேறுபாட்டை அழிக்கவுமில்லை. இன்னாரைக் கொன்றவர் இன்னார் என்பது வரலாற்றின் பொறுப்பு. அப்பொறுப்பை இசை ஏற்க முடியாது. ஒருவர் அழும்போது மற்றவர் குறுக்கிடாமல் சில நிமிடம் அமர்ந்திருக்கும்படி செய்வதையே அது செய்கின்றது.

ஈற்றுப் பகுதியிலே சமாதானத்துக்கான வேண்டுதல்கள் பல மொழிகளில் எழுகின்றன. பின்னர் நடுநிலக் கடற்கரை நாடுகளிலெல்லாம் வழங்கும் வாய்மொழி மெட்டு ஒன்று எடுக்கப்படுகின்றது. கிரேக்கரும் அரபியரும் யூதரும் தத்தம் சொற்களை இட்டு அதனைத் தமதென்றே பாடி வந்தவர்கள். முதலில் ஒவ்வொருவராகப் பாடுகின்றனர். பின்பு எல்லோரும் சேர்கின்றனர். அதன் பின் தொடக்கத்தில் முழங்கிய அதே கொம்புகள் மீண்டும் முழங்குகின்றன. இம்முறை அவை மோதுவது கல் மதிலோடன்று. உள்ளத்து மதில்களோடு மோதுமாறு தாம் அவற்றை அமைத்ததாகத் தொகுப்பாளர் உரைக்கின்றார்.

உள்ளத்து மதில்கள் இடிந்தனவா? தொகுப்பு வெளிவந்த 2008ஆம் ஆண்டிலேயே சவால் இணையரை யுனெஸ்கோ நிறுவனம் சமாதானத்துக்கான கலைஞராக அறிவித்தது. அவ்வாண்டு முடியுமுன் காசாவிலே போர் மூண்டது. பிகேராஸ் அம்மையார் 2011ஆம் ஆண்டிலே காலமானார். 2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே தொடங்கிய கொடும் போரில் இரு தரப்பு இல்லங்களிலும் புதிய புலம்பல்கள் எழுந்தன. ஆகவே இசை சமாதானம் தரும் என்று சொல்வது பொய்யாகும். அந்த வாக்குறுதியை இத்தொகுப்பு தரவுமில்லை.

அது தருவது அதனினும் சிறியது, ஆயினும் கைக்கெட்டுவது. ஒரே நிலத்தைத் தமதென்போர் பலராயிருக்கும் எந்த ஊரிலும், ஒவ்வொரு சாராரும் தம் இறந்தோரின் பெயர்களைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றனர். அடுத்த வீட்டார் எவர் பெயரைச் சொல்லி அழுகின்றனர் என்பதை அப்பிள்ளைகள் அறியாமலே வளர்கின்றனர். போருக்குப் பிந்திய நாடொன்றிலே வாழ்வோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்த அறியாமையை ஓர் இசைத்தட்டு சிறிது நேரத்துக்கு நீக்கி வைக்கின்றது. விரும்பாத பாட்டைத் தாண்டிச் செல்லும் விசை இசைக்கருவியிலே இருக்கின்றது. கேட்பவர் அதனை அழுத்தாமல் இருப்பாரானால், மண்ணகச் சமாதானத்துக்கு வேண்டிய முதற் பழக்கத்தை அவர் தொடங்கிவிட்டார் எனலாம்.