மழை நாளில் மறையும் படம்

(தென்னேரி கிராம சபையில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஐப்பசி பிறந்ததும் நம்மிடம் வரும் முறையீடுகளில், சாலைக்கும் வடிகாலுக்கும் அடுத்தபடியாக நிற்பது தொலைக்காட்சியாகும். குழித்தறியில் நீர் ஊற, தெருவில் பாவு விரிக்கவும் இயலாமல் நெசவாளர் வீட்டில் அடைபட்டிருக்கும் நாட்களிலேதான் படமும் நின்றுவிடுகிறது. கூரைமேலுள்ள டிஷ்ஷுக்கும் நம் அலுவலகத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் காரணத்தை அறிந்து கூறுவது நம் கடமையெனக் கருதினோம்.

தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவைக்குப் பயன்படும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 2015 நவம்பரில் ஏவப்பட்டது. அது நில நடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. அங்கிருந்து புறப்படும் அலை, அத்தனை தூரத்தையும் இடையூறின்றிக் கடந்து, நம் தலைக்கு மேலுள்ள கடைசி ஐந்தாறு கிலோமீட்டரில் இடறி விழுகிறது. அவ்வலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே. மழைத்துளிகள் அதன் ஆற்றலை உறிஞ்சுகின்றன, சிதறவும் அடிக்கின்றன. தூறலால் பெருங் கெடுதி இல்லை. பெருந்துளிகளாகக் கொட்டும் மழையே பகை.

நம் ஊரில் இச்சேவைக்கான டிஷ் தென்கிழக்கு நோக்கி நிமிர்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். வடகிழக்குப் பருவ மேகமோ வங்கக் கடலிலிருந்து வருகிறது. ஆகவே நம் வாசலில் ஒரு துளியும் விழாதிருக்க, ஒன்றிரண்டு கிலோமீட்டர் தென்கிழக்கே பெய்யும் மழை நம் வீட்டுப் படத்தை நிறுத்திவிடுவதுண்டு. பழைய பெட்டிகளில் படம் மெல்ல மெல்லப் புள்ளி புள்ளியாக மங்கும். இக்காலத்து இலக்கமுறை ஒளிபரப்பில் அவ்வாறன்று. ஓர் எல்லை வரை தெளிவாக நின்று, அதனைக் கடந்ததும் கட்டம் கட்டமாக உடைந்து, ஒரேயடியாக நின்றுவிடும்.

1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே கல்வி ஒளிபரப்பு நடைபெற்றது. பத்தடி அகலமுள்ள கம்பிவலைத் தட்டுகள் அன்று நிறுவப்பட்டன. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். மழை அதனைப் பெரிதும் தீண்டவில்லை. கூரையில் அடங்கும் சிறு தட்டும், நூற்றுக்கணக்கில் அலைவரிசைகளும் நாம் விரும்பினோம். குற்றலை வந்தது, கூடவே இத்தொல்லையும் வந்தது.

படம் நின்றவுடன் கொட்டும் மழையில் மாடியேறி டிஷ்ஷைத் திருப்பும் இளைஞர்களைப் பற்றிச் சிறிது கடிந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. மழை ஓய்ந்தால் படம் தானே திரும்பும். செம்மையாக இருந்த தட்டை இரண்டு மூன்று பாகை திருப்பிவிட்டாலோ, வெயில் அடித்தாலும் திரும்பாது. பழுது பார்ப்பவருக்குக் கூலி கொடுக்க வேண்டியதுதான். பாசி படிந்த மாடி, அருகில் மின்கம்பி, மேலே மின்னல்! ஒரு நாடகத் தொடருக்காக உயிரைப் பணயம் வைப்பது தகுமா? மழை நின்ற பிறகும் படம் வராவிடின், இணைப்பில் நீர் புகுந்துள்ளதா, காற்றில் தாங்குகால் அசைந்துள்ளதா என்று பகலில் பார்க்கலாம். தட்டு 60 சென்டிமீட்டராயின், 90 சென்டிமீட்டர் தட்டு இருமடங்குக்கும் மேலாக அலையை ஏந்தும். அதுவும் பேய்மழைக்கு முன் தோற்கும்.

நாடகம் தவறினால் நட்டமில்லை. எச்சரிக்கை தவறினால்? 2015 நவம்பர், டிசம்பர் மாதப் பெருவெள்ளத்தை நாம் மறக்கவில்லை. நம் ஊர் ஏரி சிறியதன்று. கலங்கல் வழியும் இரவில், செய்தி மிகவும் தேவைப்படும் அந்த நாழிகையில், டிஷ் ஊமையாகிவிடும், மின்சாரமும் நிற்கும். வானொலியின் மத்திய அலையோ நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுடையது. மழைத்துளி அதற்கு ஒரு பொருட்டன்று. மின்னல் வெட்டினால் கரகரக்கும், அவ்வளவே. முன்னாளில் ஊராட்சி மன்றங்களில் வானொலிப் பெட்டி ஒலித்ததைப் பெரியோர் அறிவர்.

ஆதலின் மின்கலத்தில் இயங்கும் வானொலி ஒன்றையும், கையில் ஏந்தும் ஒலிபெருக்கி ஒன்றையும் ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டுகிறோம். மழை இரவுகளில் செய்தியைக் கேட்டுத் தெருத்தெருவாக அறிவிக்க, தெருவுக்கு இருவர் தேவை. அவர்தம் பெயர்களை இக்கூட்டம் கலையுமுன் தலைவரிடம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.