வாடகைப் பாட்டா, சொந்தப் பாட்டா?



மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்பது லாபமா, காசு கொடுத்துச் சொந்தமாக வாங்கி வைப்பது லாபமா? இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கோலாலம்பூரில் உட்கார்ந்து யோசித்தால் ஒரு பதில் வருகிறது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் நின்று யோசித்தால் வேறொரு பதில் வருகிறது. நான் தோட்டத்துப் பக்கம் நின்றே பேசுகிறேன்.

போ தோட்டம் தொடங்கியது 1929-இல். கொழுந்து பறிக்க வந்த நம் மக்களின் லயத்து வீடுகளில் வானொலி ஒலித்தது. பிறகு ஒலிநாடா வந்தது, இசைத்தட்டு வந்தது. இப்போது எல்லார் கையிலும் கைத்தொலைபேசி. நடுவில், பாசார் மாலாமில் ஒரே தட்டில் இருநூறு பாட்டு என்று கூவி விற்றார்களே, அந்தக் காலமும் உண்டு. அது வாடகையும் இல்லை, சொந்தமும் இல்லை. அதைப் பற்றி இந்த மேடையில் அதிகம் பேச வேண்டாம்!

முதலில் கணக்கு. ஸ்போட்டிஃபை 2013-இல் நம் நாட்டுக்கு வந்தபோது மாதச் சந்தா 14 வெள்ளி 90 காசு. இன்று அதைவிடக் கூடுதல். பழைய விலையையே எடுத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 178 வெள்ளி 80 காசு, பத்து ஆண்டுக்கு 1,788 வெள்ளி. ஓர் இசைத்தட்டு 20 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் 89 தட்டுகள் அலமாரியில் இருக்கும். சந்தா கட்டியவரிடம் என்ன இருக்கும்? கட்டுவதை நிறுத்திய மாதம் ஒன்றும் இருக்காது.

அதற்காகச் சந்தா வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வாராவாரம் வெளியாகும் படப்பாட்டெல்லாம் கேட்டுவிட வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைக்குச் சந்தாதான் மலிவு. குடும்பத் திட்டத்தில் ஒரே வீட்டில் இருக்கும் ஆறு பேர் கேட்கலாம். ஆனால் டி.எம்.எஸ்., சுசீலா பாடிய அதே நூறு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும் தாத்தாவுக்கு மாதாமாதம் வாடகை எதற்கு?

தோட்டத்தில் இன்னொரு சிக்கல். தானா ராத்தாவில் அலைவரிசை நன்றாக இருக்கும். மலையிடுக்கில் இறங்கினால் கைத்தொலைபேசியில் கோடு ஒவ்வொன்றாக மறையும். முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். செய்யலாம். ஆனால் அந்தப் பாட்டு அந்தச் செயலிக்குள்ளேதான் இருக்கும். எடுத்து விரலியில் போட முடியாது. ஸ்போட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் நுழையாவிட்டால் பதிவிறக்கியதும் ஓடாது. நம் வீட்டுப் பெட்டிதான், சாவி மட்டும் அவர்களிடம்!

சாவிக்காரர்கள் தங்களுக்குள் சண்டை போட்டால் என்ன ஆகும்? இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். ஸ்போட்டிஃபை அங்கே தொடங்கியது 2019 பிப்ரவரியில். ஏப்ரலிலேயே சரிகம நிறுவனத்தின் பாடல்கள் அதிலிருந்து எடுக்கப்பட்டன. சரிகம என்றால் யார்? நாய் படம் போட்ட எச்.எம்.வி. தட்டு ஞாபகம் இருக்கிறதா, அந்த நிறுவனம்தான். நம் பழைய பாட்டில் பெரும்பங்கு அவர்களிடம் இருக்கிறது. 2020-இல் ஒப்பந்தம் ஆன பிறகே அவை திரும்பின. இடையில் சந்தா கட்டியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எச்.எம்.வி. தட்டு வைத்திருந்தவர் வீட்டில் பாட்டு நிற்கவும் இல்லை. 2024-இல் ஏர்டெல் தன் விங்க் பாட்டுச் சேவையையே மூடுவதாக அறிவித்தது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை நம் நாட்டுக் கலைஞர்களைப் பற்றியது. நாம் கட்டும் சந்தா, நாம் கேட்கும் பாடகருக்கு நேராகப் போவதில்லை. எல்லார் பணமும் ஒரு தொட்டியில் விழுகிறது. யார் பாட்டு எத்தனை முறை ஓடியது என்று பார்த்துப் பங்கு பிரிக்கிறார்கள். நீங்கள் மாதம் முழுக்க ஓர் உள்ளூர்ப் பாடகரை மட்டுமே கேட்டாலும் உங்கள் பணத்தில் பெரும்பகுதி அதிகம் ஓடும் மற்றவர் பாட்டுக்குத்தான். 2024 முதல் ஸ்போட்டிஃபையில் இன்னொரு விதியும் வந்தது. ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடாவிட்டால் அதற்குப் பங்கே கிடையாது. ஈப்போவிலோ ரிங்லெட்டிலோ இருக்கும் ஒரு புதுப் பாடகருக்கு ஆயிரம் என்பது சின்ன எண்ணா? அவருடைய தட்டை நிகழ்ச்சியில் நேரில் வாங்கினால் அன்றைக்கே அவர் கைக்குக் காசு போகும். தட்டு இல்லையென்றால் பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் கோப்பாகவே வாங்கலாம். அது உங்களுடையது, எந்தக் கருவியிலும் ஓடும்.

ஆக, என் வழி இது. வந்து போகும் பாட்டுக்குச் சந்தா கட்டுங்கள். இழந்தால் மனம் வலிக்கும் பாட்டை, முக்கியமாக நம் நாட்டவர் பாட்டை, விலை கொடுத்து வாங்குங்கள்.

வாங்கியதையும் காப்பாற்ற வேண்டுமே! இப்போது தோட்டங்களில் நம்மவர் குடும்பங்கள் குறைந்துவிட்டன. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். வீடு காலி செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவது ஒலிநாடாப் பெட்டிதான். 'எல்லாம் போனிலேயே இருக்கிறதே அம்மா' என்கிறார்கள். படப்பாட்டு இருக்கலாம். எண்பதுகளில், தொண்ணூறுகளில் நம் மேடைப் பாடகர்கள் சொந்தச் செலவில் வெளியிட்ட நாடாக்களை அந்தச் செயலிகளில் தேடிப் பாருங்கள். பல இல்லை. வீசி எறிந்தால் எறிந்ததுதான்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. நாடா ஓடும் பெட்டியின் காதொலித் துளையில் இருந்து கணினிக்கு ஒரு கம்பி, பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், அவ்வளவுதான். 60 நிமிட நாடாவுக்கு 60 நிமிடம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. பதிவு செய்ததை இரண்டு இடத்தில் வையுங்கள். மலை ஈரத்தில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கும். அப்படித் தெரிந்தால் ஓட விடாதீர்கள். அது பெட்டியில் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் பரவும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துத் துடைத்த பிறகு போடுங்கள். அட்டையையும் மறக்காமல் படம் எடுத்து வையுங்கள். பாடியவர், எழுதியவர், மிருதங்கம் வாசித்தவர் பெயரெல்லாம் பல நாடாக்களுக்கு அந்த அட்டையில் மட்டும்தான் இருக்கிறது.