குடக்காரர் கேட்கும் கேள்வி

கலைக் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் செய்யும் ஒருவகைப் படைப்பைப் பற்றியும், அது உருவாகும்போது வழிகாட்டி ஆசிரியர் சொல்லும் கருத்துகளைப் பற்றியும் இன்று பேசுகிறேன். ஊடாடும் ஊடகக் கலை, அதாவது இன்டராக்டிவ் மீடியா ஆர்ட் என்று அதைச் சொல்கிறார்கள். சுவரில் மாட்டிய ஓவியம், முன்னால் ஆள் நின்றாலும் நிற்காவிட்டாலும் அப்படியேதான் இருக்கும். இந்தக் கலையில் அறைக்குள் ஒருவர் நுழைவதைக் கேமராவோ சென்சாரோ கண்டுகொள்ளும். அவர் கையசைத்தால் சுவரில் விழும் ஒளி மாறும், நின்றால் ஒலி மாறும், பேசினால் பதில் வரும். வந்தவர் ஏதாவது செய்தால்தான் படைப்பே நடக்கும். மாதக்கணக்கில் முயன்று இப்படி ஒன்றைச் செய்து, எழுதிய ஆய்வேட்டோடு சேர்த்து ஜூரி என்னும் தேர்வுக்குழு முன் வைப்பதைத்தான் தீசிஸ் ப்ராஜெக்ட் என்கிறார்கள். இதில் வழிகாட்டியின் வேலை என்ன? எல்லாம் முடிந்தபின் குறைநிறை சொல்லி மார்க் போடுவதா, செய்துகொண்டிருக்கும்போதே நடுவில் புகுந்து கேள்வி கேட்பதா? என் கட்சி இரண்டாவது. இந்தக் கலைக்கு இடையில் வரும் கேள்வி உயிர்நாடி. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழக-கேரள எல்லையோரக் கிராமங்களுக்கு இந்த முறை புதிதும் இல்லை. அங்கே பாட்டும் கூத்தும் நெடுங்காலமாக இப்படித்தான் நடந்துவருகின்றன.

முதலில் அந்த எல்லை வந்த கதை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதையும் சேர்க்க வேண்டும் என்று தமிழர் இயக்கம் கேட்டும் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளை இந்தப் பக்கம், பாறசாலை அந்தப் பக்கம் என்று கோடு விழுந்தது. பாட்டு அந்தக் கோட்டைக் கண்டுகொள்ளவில்லை. வேணாட்டுத் தளபதி இரவிக்குட்டிப் பிள்ளை, திருமலை நாயக்கரின் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் மாண்ட கதையை இரண்டு பக்கமும் தங்களுடையதாகவே பாடின. கேரளத்தில் தெக்கன் பாட்டுகள் என்று தொகுத்திருக்கும் இக்கதைப்பாடல்களில் தமிழும் மலையாளமும் எங்கே பிரிகின்றன என்று சொல்வது கடினம். இவற்றைப் பாடிய முறைகளில் முதன்மையானது வில்லுப்பாட்டு. மணிகள் கட்டிய பெரிய வில்லை வீசுகோலால் தட்டிப் பாடுபவர் புலவர். உடுக்கை, தாளம், கட்டை என்று கூட இருப்பவர்களில் நாம் கவனிக்க வேண்டியவர் குடக்காரர். குடத்தில் தாளம் போடுவது அவருடைய வேலையில் பாதிதான். புலவர் ஒரு செய்தி சொன்னால் 'ஆமா' என்பார். கதை தாவினால் 'அதெப்படி?' என்று இடைமறிப்பார். கூட்டம் அசந்தால் ஒரு வேடிக்கைப் பேச்சை எடுத்துவிடுவார். மேடையில் இருந்தாலும் அவர் கேட்பவர்களின் ஆள். எதிரே அமர்ந்திருப்பவர் மனத்தில் எழும் சந்தேகத்தை அவருக்கு முன்னால் இவர் கேட்டுவிடுகிறார். வானொலியில் வில்லுப்பாட்டு வைக்கும்போது இவர் இன்னும் முக்கியம். நேயர் முகம் தெரியாத கூடத்தில் புலவருக்கு அவர்தான் நேயர்.

இது வெறும் மேடைச் சாமர்த்தியம் இல்லை என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் நாஞ்சில் நாட்டில் தங்கி வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் ஒரு நூல் வெளியிட்டார். கோயில் திருவிழாவான கொடையில் பாட்டும் சடங்கும் ஒன்றையொன்று பார்த்து நகர்வதை அதில் விரிவாகக் காட்டுகிறார். கதைத்தலைவனின் சாவைப் பாடும் கட்டத்தில்தான் சாமி வரும். பாட்டில் சூடு ஏறுவது, ஆட்டம் உச்சத்துக்குப் போவது எல்லாம் அங்கே கூடிவருகின்றன. ஏடு ஒன்றுதான், கதையும் தெரிந்த கதைதான். ஆனால் முன்னால் இருப்பவர்களிடம் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் அன்றைய பாட்டைப் பாடி முடிக்க முடியாது. தெற்குத் திருவிதாங்கூரின் காக்காரிசி நாடகத்தையும் இதோடு வைத்துப் பாருங்கள். சிவனும் பார்வதியும் நாடோடிக் குறவர்களாக வரும் அந்தக் கூத்தில், தம்புரான் கேட்கும் கேள்விக்குக் குறவனான காக்கான் சொல்லும் பதிலில்தான் கதை நகர்கிறது. பாட்டில் தமிழ், பேச்சில் மலையாளம், இரண்டிலும் கேலி. கேள்வி கேட்பவர் இல்லாவிட்டால் நாடகமே இல்லை.

இனி ஒரு ஆராய்ச்சி மாணவரின் கதைக்கு வருவோம். மைரன் க்ரூகர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படித்தவர், ஊடாடும் கலையின் முன்னோடிகளில் ஒருவர். 1969இல் அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து 'க்ளோஃப்ளோ' என்றொரு படைப்பை வைத்தார்கள். இருட்டறையின் சுவரெங்கும் ஒளிரும் திரவம் ஓடும் குழாய்கள், தரையில் கால் பட்டால் உணரும் பட்டைகள். மிதித்தால் ஒளியும் ஒலியும் மாற வேண்டும். ஆனால் அறையின் அமைதி கெடக்கூடாது என்று கூட்டாளிகள் நினைத்ததால், மிதிப்பதற்கும் மாறுவதற்கும் இடையில் வேண்டுமென்றே தாமதம் வைத்தார்கள். விளைவு? வந்தவர்கள் ரசித்தார்கள், ஆனால் அறை தங்களுக்குப் பதில் சொல்கிறது என்பது பலருக்குத் தெரியவே இல்லை. அறை கேட்டுக்கொண்டிருந்தது, 'ஆமா' சொல்லத்தான் ஆளில்லை. க்ரூகர் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்: தான் செய்ததற்குத்தான் இந்தப் பதில் என்று வந்தவருக்குப் புரிய வேண்டும். மறு ஆண்டு 'மெட்டாப்ளே' என்ற படைப்பில் அவரே வேறொரு கட்டடத்தில் உட்கார்ந்து, கூடத்துக்கு வந்தவர்களின் நேரடி வீடியோ உருவத்தின்மேல் கணினி வழியாகக் கோடு வரைந்து அனுப்பினார். ஒருநாள் வந்தவர் விரலை நகர்த்த, இவர் கோட்டை அதன் பின்னாலேயே நகர்த்த, அவர் தம் விரலாலேயே காற்றில் வரைவதுபோல ஆயிற்று. பிறகு ஒருவர் விரலை இன்னொருவர் தொட்டு அந்த வரையும் சக்தியை வாங்கிக்கொள்ளும் விளையாட்டு பிறந்தது. யாரும் திட்டமிடவில்லை, பார்வையாளர் சொல்லிக்கொடுத்தது. இந்தச் சோதனைகளின் மேல்தான் 1974இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு எழுந்தது. பின்னால் பெரும் பெயர் பெற்ற 'வீடியோப்ளேஸ்' இந்த வழியில் வந்ததுதான். முதல் கூடத்திலேயே பாராட்டை வாங்கிக்கொண்டு ஆய்வேட்டை முடித்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்து அம்மச்சிப் பிலாவை நேயர்கள் அறிவீர்கள். எதிரிகள் துரத்தியபோது, பின்னாளில் திருவிதாங்கூர் மன்னரான இளம் மார்த்தாண்ட வர்மா அந்தப் பலாமரப் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. எல்லையோரக் கிராமத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்கப் போன மாணவி ஒருத்தி இதையே தீசிஸ் ப்ராஜெக்டாக எடுக்கிறாள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இருட்டறையில் ஒரு பொந்து. உள்ளே நுழைந்தவர் அசைந்தால் துரத்துகிறவர்களின் காலடியும் குரலும் நெருங்கும். அசையாமல் நின்றால் ஒலி விலகிப்போகும். நல்ல கற்பனை. இங்கே வழிகாட்டி இரண்டு வகையாகப் பேசலாம். 'வெளிச்சத்தைக் கூட்டு, இரண்டு ப்ரொஜெக்டர் வை' என்று சொன்னால் அது அவருடைய படைப்பாக மாறத் தொடங்கிவிடும். குடக்காரர் மாதிரி கேட்டால் கேள்விகள் வேறு. அசையாமல் நிற்பதுதான் காரியம் என்று உள்ளே வந்தவருக்கு எப்படித் தெரியும்? ஒலிநாடா தானாக ஓடுகிறது என்று நினைத்துக் கேட்டுவிட்டுப் போய்விட்டால்? ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்து, ஒருவர் நிற்க, மற்றவர் அசைந்தால் எதிரி யார் சொல்லைக் கேட்பான்? பிள்ளைகள் வந்தால் எதிரியை வரவழைப்பதற்கென்றே குதிப்பார்களே, அது படைப்பின் தோல்வியா, இன்னொரு வாசலா? கரண்ட் போய்த் திரும்பி வந்தால் யார் எதை அமுக்க வேண்டும்? குரலுக்குப் பதில் சொல்லும்படி அமைத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. பாறசாலைக்காரர் வாயிலிருந்து வரும் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் கலந்திருக்கும். ஏதாவது ஒரு மொழியை மட்டும் எதிர்பார்த்து எழுதிய மென்பொருள் அங்கே திணறும். இந்தக் கேள்விகள் எதற்கும் கல்லூரி அறைக்குள் விடை கிடையாது. அட்டைப்பெட்டியில் ஒரு பொந்து செய்து, சென்சாருக்குப் பதிலாகத் தோழி ஒருத்தி மறைந்திருந்து ஒலியைக் கூட்டிக் குறைக்க, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். க்ரூகர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். அப்போது மாணவி வாயைத் திறக்கக்கூடாது. விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் சோதனை அங்கேயே முடிந்தது. கோடிங் எழுதுவதற்கு முன்னால் இதைச் செய்தால் செலவு அட்டைப்பெட்டியோடு போகும். ஜூரிக்கு முந்தைய வாரம் செய்தால் ஆண்டே போகும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, வழிபாட்டையும் பொறி வைத்த வேடிக்கையையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்பது. நியாயமான கேள்வி. கொடையில் சாமியாடுவதை ஒரு படைப்புக்காக நகலெடுப்பது தவறு என்றே நானும் சொல்வேன். நான் எடுத்துக்கொள்வது அமைப்பை மட்டும். கண்ணாடியை உதாரணமாகப் பார்ப்போம். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரின் பதியில் கும்பிடப் போகிறவர் கண்ணாடியில் தன்னையே காண்கிறார். 1888இல் நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புரத்தில் சிவனைப் பிரதிஷ்டை செய்த நாராயண குரு, 1927இல் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். 1999இல் டேனியல் ரோஸின் என்ற கலைஞர் 830 மரத்துண்டுகளை மோட்டாரால் அசைத்து, எதிரே நிற்பவரின் உருவம் தெரியும் 'மரக்கண்ணாடி'யைச் செய்தார். முன்னவை அருள், பின்னது கலை. இரண்டையும் குழப்ப வேண்டாம். ஆனால் எதிரே ஆள் வந்து நின்றால்தான் நிறையும் ஒன்றை எப்படி அமைப்பது என்று கேட்கும் மாணவர், தம் ஊரில் அதைப் பற்றி ஏற்கெனவே யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதில் என்ன குற்றம்?

இரண்டாவது மறுப்பு கனமானது. நடுவில் புகுந்து பேசும் வழிகாட்டி, படைப்பை மாணவரிடமிருந்து பறித்துவிட மாட்டாரா? இதற்கு உலகறிந்த ஒரு வழக்கே உண்டு. இத்தாலியின் இவ்ரியா நகரில் இருந்த வடிவமைப்புக் கல்வி நிலையத்தில், கொலம்பியா நாட்டு மாணவர் எர்னான்டோ பராகான் 2003இல் தம் முதுகலை ஆய்வேட்டுக்காக 'வயரிங்' என்ற மின்னணுப் பலகையையும் அதற்கான மென்பொருளையும் உருவாக்கினார். மின்னணுவியல் படிக்காத கலைஞர்களும் சென்சாரையும் விளக்கையும் ஆட்டிவைக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். கேசி ரீஸும் மாசிமோ பான்சியும் வழிகாட்டிகள். 2005இல் பான்சி உள்ளிட்ட குழு ஒன்று, வயரிங்கை அடிப்படையாக வைத்து, இன்று உலகமெங்கும் மாணவர் கையில் இருக்கும் ஆர்டுவினோ என்ற மின்னணுப் பலகையைக் கொண்டுவந்தது. பராகான் அந்தக் குழுவில் இல்லை. தம் பங்கு உரிய அளவில் சொல்லப்படவில்லை என்று அவர் பின்னாளில் விரிவாக எழுதினார். இந்த வழக்கிலிருந்து வழிகாட்டி வாய்மூடி இருக்க வேண்டும் என்று முடிவுகட்டுவது தவறு. நல்ல வழிகாட்டல் இல்லாமல் வயரிங் அந்த அளவுக்கு வந்திருக்குமா என்பதே ஐயம். எந்த யோசனை யாருடையது என்று அன்றன்று எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் இதில் கிடைக்கும் பாடம். ஆய்வேட்டில் ஆசிரியருக்கு நன்றி சொல்ல ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். அவர் கேட்ட கேள்வி என்ன, அதனால் மாறியது என்ன, மாணவர் மறுத்தது என்ன என்று பதிவுசெய்யும் வழக்கத்தையும் கல்லூரிகள் கொண்டுவரலாம். மறுத்ததும் அதில் இருப்பது அவசியம். குடக்காரர் எவ்வளவு இடைமறித்தாலும் கதை புலவருடையதுதான்.

பார்வையாளர் சொற்படி ஆடினால் கலை மலிவாகிவிடும் என்பது இன்னொரு பேச்சு. புரிய வைப்பது வேறு, குஷிப்படுத்துவது வேறு. க்ளோஃப்ளோ கலைஞர்கள் விரும்பிய அமைதி உயர்ந்த விருப்பம்தான். அறை பதில் சொல்வதை வந்தவருக்குத் தெரியாத ரகசியமாக வைத்ததில்தான் பிசகு. இரவிக்குட்டிப் பிள்ளையின் சாவைப் பாடும் புலவர் கூட்டம் அழுகிறது என்பதற்காக அவரைப் பிழைக்க வைப்பதில்லை.

இந்தப் பகுதியில் இந்தக் கலைக்கு வசதி இல்லை என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். திருவனந்தபுரத்தில் 1888இல் தொடங்கிய நுண்கலைக் கல்லூரி அருகிலேயே இருக்கிறது. கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சியை நடத்தும் அறக்கட்டளை 2014 முதல் மாணவர் பினாலேயையும் நடத்துகிறது. கலைக் கல்லூரி மாணவர்களோடு இளம் கண்காட்சி அமைப்பாளர்கள் கூட இருந்து வேலை செய்வது அதன் முறை. ஆனால் அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் கலை பார்க்கவென்றே வருகிறவர்கள். கலை என்று தெரியாமல் வந்து நிற்கும் ஆள்தான் இந்தப் படைப்புகளுக்குக் கடுமையான தேர்வாளர். அவர் இருப்பது வாசகசாலையில், பள்ளி ஆண்டுவிழாவில், சந்தை முக்கில்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஆண்டு முடிவில் ஒரு பெரிய ஜூரி வைப்பதற்குப் பதிலாக, இடையில் சின்னச் சின்ன ரிவியூக்களைக் கல்லூரிக்கு வெளியே வையுங்கள். எல்லையோரக் கிராமத்து நேயர்களே, உங்கள் ஊர் வாசகசாலைக்கு ஒரு மாணவரோ மாணவியோ அட்டைப்பெட்டியும் வயரும் தூக்கிக்கொண்டு வந்தால், வேலை கெட்டாலும் கால்மணி நேரம் ஒதுக்கி உள்ளே போய்ப் பாருங்கள். புரிந்தால் ஆமா சொல்லுங்கள். புரியாவிட்டால் 'அதெப்படி?' என்று கூசாமல் கேட்டுவிட்டு வாருங்கள்.